வாவிமுத்துக்காரன்ட பல்லு

மச்சான்ட முன்பல்லு உடைஞ்சது ஒரு புதன்கிழம, அசர் தொழுதிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கக்குள்ள. கல்லக் கடிக்கல்ல, எலும்பக் கடிக்கல்ல. தேத்தண்ணியில தோச்ச பேக்கரிப் பாண். "டிக்" எண்டு ஒரு சின்னச் சத்தம். மச்சான் வாயிலருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பார்த்தாரு.

"பாண்ல கல்லு கிடக்கு" எண்டாரு.

லாத்தா கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தா. "கல்லு இல்ல. உங்கட பல்லு."

"பல்லு எப்பிடிப் புள்ள பாண்ல வாற?"

"பாண்ல வரல்ல. உங்கட வாயில இருந்துதான் பாணுக்குப் போயிருக்கு."

மச்சான்ட பேரு ஹலீம். காத்தான்குடியில என்ட லாத்தா, கூடப்பிறந்த அக்கா கைறுன்னிஸாவக் கலியாணம் முடிச்சவரு. வேற ஆருட பல்லு உடைஞ்சிருந்தாலும் ஒரு ராத்திரிக் கவலையோட முடிஞ்சிருக்கும். மச்சான்ட பல்லு அப்பிடியில்ல. அதுதான் வீட்டு யாவாரம்.

அவரு பற்பொடி செய்யுறவரு. "வாவிமுத்து" எண்டு பேரு. வாவிக்கரையில சும்மா குவிஞ்சு கிடக்கிற சிப்பிய அள்ளிக் கழுவிக் காயவெச்சு அரைப்பாரு. அதோட சிரட்டைக்கரி, உப்பு, கராம்பு, காஞ்ச தேசிக்காத் தோலு. எல்லாம் குசினியில வெச்சிருக்கிற ஒரு மெஷின்லதான். டின்ல அடைச்சு, மேல லேபல் ஒட்டணும். லேபல்ல பொம்புளப் படம் போட்டா ஊருல கதை வரும். குழந்தப் படம் போட்டா இது புள்ளையள்ட சாமான் எண்டு பெரியவங்க வாங்கமாட்டாங்க. அதால தன்ட படத்தையே போட்டாரு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சபடி. கீழ சிவப்பு எழுத்துல "ப்ளோரைட் அறவே இல்லை".

அந்த ப்ளோரைட் கதை அவருக்குப் போன்ல வந்த ஒரு வீடியோ. சில வரண்ட ஊருகள்ல கிணத்துத் தண்ணியில ப்ளோரைட் கூடிப்போய் புள்ளையள்ட பல்லு மண்ணிறமா வாற எண்டு ஒரு டொக்டர் சொன்னாரு. அது உண்மைதான். வீடியோ அதோட முடிஞ்சிட்டு. "அப்ப பேஸ்ட் எல்லாம் நஞ்சு" எண்டத மச்சான் தானாச் சேத்துக்கிட்டாரு.

லாத்தா ஒரு நாளும் அந்தப் பொடியத் தொட்டதில்ல. அவட பேஸ்ட் ட்யூப் ஒண்டு அலுமாரிக்குள்ள, உடுப்புக்குப் பின்னால இருக்கும். மச்சானுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பாரு.

இன்னொரு சங்கதி. லேபல்ல இருக்கிற படம், பொடி செய்யத் தொடங்க முந்தி எடுத்த படம். அந்த நேரம் மச்சானும் லாத்தாட ட்யூப்லதான் தேய்ச்சவரு.

சனிக்கிழம கொழும்பில இருந்து ஸாஹிர் ஹாஜியார் வாறதா இருந்தாரு. பெரிய மொத்த யாவாரி. அவருக்குப் புடிச்சா வாவிமுத்து நாடு முழுக்கக் கடைக்குப் போகும். போன்ல அவரு சொன்ன ஒரே கதை: "லேபல்ல சிரிக்கிற ஆள நேர்ல பார்க்கணும். இந்தக் காலத்துல படத்த நம்ப ஏலா."

"சனிக்கு முந்தி இதக் கட்டணும்" எண்டாரு மச்சான், கையால வாயப் பொத்திக்கிட்டு.

"நம்மட ஊருலயே டொக்டர்மாரு இருக்காங்கதானே" எண்டன். நான் கட்டார்ல இருந்து லீவுல வந்திருந்த நேரம் அது.

"உனக்கு ஊர் மறந்து போச்சு நௌஷாட். இஞ்ச நான் பல்லுக் கதிரையில சாய்ஞ்சா, எழும்ப முந்தி ஓட்டமாவடி வரைக்கும் செய்தி போயிரும். மண்டூருக்குப் போவம். அங்க ஆருக்கு என்னத் தெரியும்?"

"ஆகக் கூட உங்கட பொடி போறது மண்டூருக்குத்தானே?"

"பொடி போகுது. நானா போறன்?"

ஒவ்வொரு டின்லயும் அவருதான் போறாரு எண்டத நான் சொல்லல்ல. லாத்தா பார்த்த பார்வையில வாய மூடிட்டன்.

அடுத்த நாள் மோட்டச் சைக்கிள்ல குருமண்வெளித் துறைக்குப் போய் பாதையில ஏறினம். வாவிக்கு மேல சனத்தையும் சைக்கிளையும் ஏத்திக்கிட்டு மெல்ல மெல்ல நகருற மிதப்பு அது. மச்சான் மாஸ்க் போட்டிருந்தாரு. கறுத்தக் கண்ணாடியும் போட்டாரு. அந்த வெயிலுக்குள்ள அவரப் பார்க்க வங்கி உடைக்கப் போற ஆள் மாதிரி இருந்திச்சு.

நடுவாவிக்கு வந்திருப்பம். பக்கத்துல பை நிறையக் கீரையோட இருந்த ஒரு அம்மா அவரையே பார்த்துக்கிட்டு இருந்தா. காத்துக்குக் கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு, அவ்வளவுதான்.

"வாவிமுத்துத் தம்பிதானே நீங்க? கண்ணு அந்தக் கண்ணுதான்!"

"இல்லம்மா."

"என்ன இல்ல? விடிஞ்சா உங்கட முகத்துலதான் நான் முழிக்கிற. மனிசன்ட முகத்த மறந்தாலும் இத மறக்கமாட்டன்." பாதையில இருந்த எல்லாரும் திரும்பினாங்க. "ஒருக்காச் சிரிச்சுக் காட்டுங்க மனே. படத்துல உள்ளதுதானா எண்டு பார்ப்பம்."

"காச்சலம்மா."

"பல்லுக்குமா காச்சல்?"

சனம் விழுந்து விழுந்து சிரிச்சிச்சு. கட்டார்ல எங்கட ரூமுல எட்டுப் பேரு இருக்கம், எட்டுப் பேரும் சேந்து இப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதில்ல.

அந்த அம்மாட பேரு இரத்தினம்மா. அவட வாயத் திறந்து காட்டினா. "முதல் மாசம் சங்கு மாதிரி வெள்ளையா வந்திச்சு தம்பி. இப்ப என்னமோ மஞ்சளிக்குது. புளியும் தின்ன ஏலா, கூசுது. நான்தான் வடிவாத் தேய்க்கல்லயாக்கும் எண்டு இப்ப ரெண்டு நேரமும் அமத்தித் தேய்க்கிறன்."

"ஓம் ஓம். நல்லாத் தேய்ங்க" எண்டாரு மச்சான். யாவார வாய் அது, தன்டபாட்டுல வந்திட்டு.

தக்ஷாயினி டொக்டர்ர கிளினிக் கடைத்தெருவுக்குப் பின்னால ஒரு வீட்டு முன்னறையில. வாசல்ல பேரெழுதுற புள்ளைக்கிட்ட மச்சான் என்ட பேரக் குடுத்தாரு. "நௌஷாட்" எண்டு. திரும்பினா, ஆக்கள் காத்திருக்கிற வாங்குல நல்லரத்தினம் அண்ணன் இருக்காரு. மண்டூர்ல வாவிமுத்து விக்கிற கடைக்காரரு அவருதான்.

"அடே, ஹலீம் தம்பி! என்ன இஞ்சால?"

"மச்சினனுக்குக் கடவாய்ப் பல்லு வலி அண்ணே" எண்டு என்னக் காட்டினாரு. நான் உடனே கன்னத்தப் பொத்தினன். "நீங்க என்ன இவடத்துல?"

"நானா? நான் பொஞ்சாதிக்கு நம்பர் எடுக்க வந்தன்."

"அவ எங்க?"

"வட்டைக்குப் போயிட்டா. வயல்ல கதிர் வெட்டு." அதச் சொல்லிட்டுப் பக்கத்துல இருந்த போத்தல்ல ஒரு மடக்குக் குடிச்சாரு. குளிர்ந்த தண்ணி போல. "ஸ்ஸ்ஸ்" எண்டு கன்னத்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு போனாரு.

"வட்டைக்குப் போனவக்கு வலிச்சா உங்களுக்குமா கூசுது?" எண்டாரு மச்சான்.

நல்லரத்தினம் அண்ணன் கிட்டக் குனிஞ்சாரு. "ஆருக்கிட்டயும் சொல்லாதங்க தம்பி. வாவிமுத்து விக்கிறவனுக்கே பல்லுக் கூச்சம் எண்டா என்ட யாவாரம் என்னாகும்? நான் நாளைக்கு மூணு தரம் தேய்க்கிறன், தெரியுமா? ஆனா ஒண்டு சொல்லணும். நல்ல சாமான். பல்லு மஞ்சளிக்க மஞ்சளிக்கச் சனம் இன்னும் கூட வாங்குது. இப்பிடி ஒரு சாமான் நான் வித்ததில்ல."

உள்ளுக்கிருந்து "நௌஷாட்!" எண்டு கூப்பிட்டாங்க. நானும் எழும்பினன், மச்சானும் எழும்பினாரு. நல்லரத்தினம் அண்ணன் எங்கள மாறி மாறிப் பார்த்தாரு.

உள்ள யன்னல் தட்டுல வரிசையா வாவிமுத்து டின். அத்தனை மச்சானும் எங்களப் பார்த்துச் சிரிச்சிக்கிட்டு இருக்காங்க. என்ட மச்சான் மாஸ்க்க இன்னும் மேல இழுத்து விட்டாரு.

"இது என்ன டொக்டர், விக்கிறீங்களா?" எண்டன்.

"புடுங்கி வெச்சிருக்கன்" எண்டா தக்ஷாயினி டொக்டர். வயசு முப்பது முப்பத்தஞ்சு இருக்கும், கதை கெதி, படபடவெண்டு வரும். "வாற ஆக்கள்ட்ட எதால தேய்க்கிறீங்க எண்டு கேட்பன். இதச் சொன்னா, டின்னக் கொண்டு வந்து தந்தாத்தான் மருந்து எண்டு சொல்லிருவன். இந்த மனிசன் மட்டும் ஒருக்காக் கையில கிடைச்சா... சரி, சாயுங்க. மாஸ்க்கக் கழட்டுங்க."

நான் கதவப் பார்த்தன். ஆனா கதிரை சாய்ஞ்சிட்டு. மச்சான்ட முகம் அவக்குத் தலைகீழ். வாய் ஆவெண்டு, பல்லு உடைஞ்சு. அவக்கு அடையாளம் தெரியல்ல.

"எதால தேய்க்கிறீங்க?"

"பேஸ்ட்தான். சாதாரணப் பேஸ்ட்."

"பல்லு முரசு ஓரமெல்லாம் கரி இருக்கு. பேஸ்ட்ல இப்ப கரியும் வருதா?" கம்பி மாதிரி ஒண்டால மெல்லத் தட்டினா. "பல்லுக்கு மேல எனாமல் எண்டு ஒரு ஓடு இருக்கு. உடம்புல அத விடக் கடினமான சாமான் இல்ல. ஆனா ஒருக்காத் தேய்ஞ்சா திரும்ப முளைக்கவே முளைக்காது. உங்களுக்கு முன்பல்லுல அது கடதாசி மாதிரி ஆகிட்டு. உள்ளுக்கு இருக்கிற பகுதி பிறக்கக்குள்ளயே மஞ்சள். ஓடு தேயத் தேய அந்த மஞ்சள்தான் வெளிய தெரியுது. சனம் ஊத்தை எண்டு நினைச்சு இன்னும் தேய்க்குது."

மச்சான் ஏதோ சொல்ல வந்தாரு. வாய்க்குள்ள கண்ணாடி இருந்திச்சு.

"பேஸ்ட்லயும் தேய்க்கிற தூள் இருக்குத்தான். சுண்ணாம்புத் தூள் கூடப் போடுறாங்க. ஆனா அது மா மாதிரி. இந்த டின்ல சிரிக்கிற மனிசன் போடுறது சிப்பி மணல். அதுக்குள்ள தேசிக்காத் தோலு. புளி ஓட்ட இளக்கிக் குடுக்கும், மணல் சுரண்டி எடுக்கும். ரெண்டையும் ஒரே டின்ல போட இவருக்கு ஆரு படிப்பிச்சாங்களோ."

கண்ணாடிய எடுத்த உடனே மச்சான் கேட்டாரு: "ப்ளோரைட் கூடாது எண்டு சொல்றாங்களே டொக்டர்?"

"கறியில உப்புக் கூடிட்டு எண்டு உங்கட வீட்டுல உப்பையே விட்டுட்டாங்களா? புள்ளையளுக்குப் பல்லு உருவாகிற வயசுல தண்ணியால அளவுக்கு மிஞ்சிப் போனா நிறம் மாறும். அது வேற கதை. சீனி திண்டா வாயில உள்ள கிருமி அமிலம் செய்யுது, அது ஓட்டுல உள்ள சத்தக் கரைக்குது. எச்சில் திரும்ப அந்தச் சத்தக் கொண்டு வந்து வெக்கப் பார்க்கும். ப்ளோரைட் இருந்தா அந்த வேலை கெதியா நடக்கும், வெச்சதும் லேசுல கரையாது. சூத்தை தொடங்கிற இடத்துலயே நிக்கும். ஆனா தேய்ச்சிட்டுத் துப்பணும். தண்ணிய விட்டுக் கொப்பளிச்சா எல்லாம் போயிரும்."

"தொழ முந்தி வுழூவுக்கு மூணு தரம் கொப்பளிக்கணுமே?"

"அப்ப தொழுதிட்டுத் தேய்ங்க. நானா வேணாம் எண்டன்?"

உடைஞ்ச பல்லோட பக்கத்துப் பல்லுகளுக்கும் சேத்து முன்னால நாலுக்கும் பூசிக் கட்டினா. நீல லைட் புடிச்சா, தேய்ச்சு மினுக்கினா. மச்சான் நடுவுல நடுவுல "இன்னும் கொஞ்சம் வெள்ளையா டொக்டர்" எண்டு கெஞ்சினாரு. அவவும் பாவம் எண்டு ஒரு நிறம் கூட்டி வெச்சா. கதிரைய நிமித்திக் கையில கண்ணாடியக் குடுத்தா.

மச்சான் பார்த்தாரு. அவருக்குச் சந்தோசம் தாங்க ஏலாமப் போச்சு. பல்லெல்லாம் தெரிய, தலைய ஒரு பக்கம் சரிச்சு, ஒரு சிரிப்புச் சிரிச்சாரு.

டொக்டர் அவரப் பார்த்தா. மறுகா யன்னல் தட்டப் பார்த்தா. மறுகா அவர. தன்ட கையால செஞ்ச பல்லாலதான் அவ ஆளக் கண்டு புடிச்சா.

"நீங்களா?"

மச்சான் சிரிப்ப மூடினாரு. ஆனா நேரம் சுணங்கிப் போச்சு.

கத்துவா எண்டு நான் நினைச்சன். கத்தல்ல. கையுறையக் கழட்டிக் கூடைக்குள்ள போட்டா. "ஒண்டு மட்டும் சொல்றன். உங்கட பொடிய உங்கட பல்லுல போட்டுராதங்க. இது பூசினது. ஓரத்துல கரி இறங்கினா சுருமா போட்ட கண் மாதிரி நிக்கும். மினுக்கமும் சிப்பியால போயிரும். மத்த ஆக்களுக்கு என்ன செய்யுற எண்டு நீங்களே யோசிங்க. போங்க. அடுத்த ஆளு ஆரு? கூச்சம் எண்டு வந்தவரு!"

நல்லரத்தினம் அண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டு எங்களக் கடந்து உள்ள போனாரு.

சனிக்கிழம ஸாஹிர் ஹாஜியார் வந்தாரு. அத்தர் வாசம் அவருக்கு முந்தி வீட்டுக்குள்ள வந்திட்டு. போன் லைட்ட மச்சான்ட வாய்க்குள்ள அடிச்சுப் பார்த்தாரு. "மாஷா அல்லாஹ்! படத்த விட நேர்ல நல்லாயிருக்கே! இதுதான் சாமான்." போனத் திருப்பிப் புடிச்சாரு. "இப்ப என்ட கண்ணுக்கு முன்னால உங்கட பொடியால ஒருக்காத் தேய்ங்க. வீடியோ எடுப்பம். இத விட வேற விளம்பரம் தேவையில்ல."

லாத்தா திரைக்குப் பின்னாலருந்து கையை நீட்டிப் பிரஷ், ஒரு கோப்பத் தண்ணி, டின் மூணையும் மேசையில வெச்சா. கேட்க முந்தியே வெச்சா.

மச்சான் பிரஷ்ஷப் பொடியில தோச்சாரு. கறுப்பா அள்ளிக்கிட்டு வந்திச்சு. வாய்க்குக் கிட்டக் கொண்டு போனாரு. அவடத்துல கை நிண்டிட்டு.

"பிஸ்மி சொல்லித் தொடங்குங்க" எண்டாரு ஹாஜியார்.

"ஏலா ஹாஜியார்."

"என்ன ஏலா?"

"நாலு பல்லும் வியாழக்கிழம கட்டினது. இதப் போட்டா ஓரமெல்லாம் கறுத்துப் போகும்." அதோட நிறுத்தியிருக்கலாம். மச்சானுக்குத் தொடங்கினா நிறுத்தத் தெரியாது. பாண், மண்டூர், டொக்டர், சிப்பி மணல், தேசிக்காத் தோலு எல்லாத்தையும் கொட்டினாரு. யாவாரம் போச்சு எண்டு நான் நினைச்சன்.

ஹாஜியார் சிரிச்சாரு. தொப்பியக் கழட்டினாரு. தலையில ஒரு மயிர் இல்ல. "ரெண்டு வருசமா மயிர் வளக்கிற எண்ணெய் விக்கிறன். ஒரு போத்தலும் திரும்பி வரல்ல. பல்ல ஆரு கட்டினா என்ன? சிரிக்கிறது நீங்கதானே."

மச்சான்ட முகத்துல வெளிச்சம் வந்திட்டு.

"இந்த வீட்டுல இனிச் சிப்பி அரைக்க ஏலா" எண்டு திரைக்குப் பின்னால சத்தம் வந்திச்சு. எங்கட ஊருல கலியாணத்துக்கு வீடு பொம்புளப் புள்ளைட பேருலதான் எழுதுற. அந்த வீடு லாத்தாட. குசினியும் லாத்தாட.

"தங்கச்சி, நீங்க கவலப்படாதங்க" எண்டாரு ஹாஜியார் திரையப் பார்த்து. "அரைக்கிறத நாங்க கொழும்பில அரைப்பம். எங்களுக்கு இவருட சிரிப்பு மட்டும் போதும்."

"சிரிப்பு அவருட. அதுக்கு நான் என்ன சொல்ல?" எண்டா லாத்தா.

மச்சான் டின்னக் கையில எடுத்துத் தன்ட மூஞ்சிய உத்துப் பார்த்தாரு.

"பாதையில ஒரு அம்மா வந்தா ஹாஜியார். மஞ்சளிக்குது எண்டு ரெண்டு நேரமும் அமத்தித் தேய்க்கிறாவாம். நல்லாத் தேய்ங்க எண்டு சொல்லிட்டு வந்திருக்கன் நான்."

"நல்லம்தானே. ரெண்டு மடங்கு போகும்."

எனக்குத் தெரிஞ்சு, மச்சான் வாய மூடிக்கிட்டு யோசிச்சது அண்டைக்குத்தான். "என்ட படம் வேணாம் ஹாஜியார்" எண்டாரு.

"இந்தச் சந்தர்ப்பம் திரும்ப வராது."

"ஓம். பல்லும் வராது."

ஹாஜியார் கோவிக்கல்ல. தேத்தண்ணிய முடிச்சிட்டு, பல்லுள்ள ஆளுக்கா பஞ்சம் எண்டு சொல்லிக்கிட்டே காருல ஏறினாரு. மச்சான் லாத்தாவப் பார்க்கல்ல. சந்தோசமா எண்டு அவர்ட்ட கேட்க இருந்தன், கேட்கல்ல. சந்தோசம் எண்டா அப்பிடி ஒரு மூஞ்சி இருக்காது.

அண்டைக்கு மஃரிப் தொழுகைக்குப் பிறகு நல்லரத்தினம் அண்ணன் மண்டூர்ல இருந்து போன் எடுத்தாரு. மச்சான் லவுட் ஸ்பீக்கர்ல போட்டாரு.

"தம்பி, சாமான் முடிஞ்சிட்டு. கெதியா அனுப்புங்க."

"இனி இல்ல அண்ணே. நிப்பாட்டிட்டன். கேட்கிற ஆக்களுக்கு இனிப் பாவிக்க வேணாம் எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்க. கட்டாயம் இரத்தினம்மா எண்டு ஒரு அம்மா வருவா, அவக்குச் சொல்லுங்க."

"அப்ப சனம் எதால தேய்க்கிற?"

"பேஸ்ட்."

"எந்தப் பேஸ்ட்?"

மச்சான் லாத்தாவப் பார்த்தாரு. லாத்தா போய் அலுமாரியத் திறந்து, உடுப்புக்குப் பின்னால கையவிட்டு அந்த ட்யூப எடுத்துக் கொண்டு வந்து தந்தா. மச்சான் லைட்டுக்குக் கீழ புடிச்சு, பின்பக்கத்துப் பொடி எழுத்த விரலால தடவித் தடவி வாசிச்சு, டொக்டர்ட்ட கேட்டதையும் சேத்துச் சொன்னாரு. ப்ளோரைட் இருக்கா எண்டு பார்க்கணும், பி.பி.எம். எண்டு இருக்கிற இடத்துல ஆயிரத்துக்குக் குறையாம ஆயிரத்து ஐந்நூறு வரைக்கும் போட்டிருக்கணும், சின்னப் புள்ளைக்கு அரிசி அளவு, பெரியவங்களுக்கு ஒரு கடலை அளவு, தேய்ச்சிட்டுத் துப்பணும், கொப்பளிக்கப்படாது. தன்ட பொடியக் கடை கடையா விக்கிற அதே குரல். அதே ஏத்த இறக்கம். ஆருடயோ சாமானுக்கு, ஒரு சதமும் வராத விளம்பரம்.



"தம்பி, அந்தப் பேஸ்ட்ல உங்கட படம் இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப சனம் நம்பாது தம்பி" எண்டாரு நல்லரத்தினம் அண்ணன்.